எல்லைப்புறப் பள்ளிகள் – 9: யந்திரத்தைப் பரீட்சிப்பது யார்?

அஞ்செட்டி வட்டாரத்துக் குழந்தைகளில் பலர் வீட்டில் கன்னடமோ தெலுங்கோ பேசிவிட்டு, பள்ளிக்கு வந்து தமிழில் பாடம் கேட்கிறார்கள் என்பதையும், 2006-ஆம் வருஷத்துத் தமிழ் கற்றல் சட்டம் அவர்களுடைய படிப்பில் உண்டாக்கிய மாறுதல்களையும் சென்ற இதழில் கண்டோம். எந்தப் பாஷையில் கேட்டாலும் ஏதாவதொரு விடை சொல்லத் தயங்காத செயற்கை நுண்ணறிவு அதே வகுப்பறைக்குள் பிரவேசிக்குமானால், அதற்காகப் பள்ளி எவ்விதம் ஆயத்தமாக வேண்டும் என்பதே இவ்வார விஷயம்.

ஓசூரில் அசோக் லேலண்டும் டி.வி.எஸ். மோட்டாரும் டைட்டனும் ஆலைகளை நிறுவிய காலத்திலிருந்தே, பையனுக்கு யந்திர ஞானம் வந்துவிட்டால் பிழைப்புக்குப் பயமில்லை என்ற நம்பிக்கை இந்த ஜில்லாவில் வேரூன்றிவிட்டது. டாடா எலக்ட்ரானிக்ஸ் ஆலை வந்தபின் அந்நம்பிக்கை பெண்குழந்தைகளைப் பெற்ற வீடுகளுக்கும் பரவியிருக்கிறது. 2014-இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட காவேரி வடக்குக் காடுகளின் நடுவே, யானை நடமாட்டத்துக்கு அஞ்சிப் பொழுதோடு வீடு திரும்ப வேண்டிய மலைப்பாதைகளில் நடந்து வரும் ராகி விவசாயியின் பிள்ளைக்கும், தேன்கனிக்கோட்டையைத் தாண்டிச் சென்றால் காணக்கூடிய அந்தத் தொழிற்சாலை வாயில்தான் லக்ஷியம். ஆகையால், புதிய சாதனம் எதுவும் இங்கே வரவேண்டாம் என்று சொல்லுகிறவன் இவ்வூர்க் குழந்தைகளுக்கு நண்பன் ஆகமாட்டான். வருகிற சாதனம் யாருடைய பொறுப்பில் வருகிறது என்று கேட்பதோ முற்றிலும் வேறு விஷயம்.

திட்டங்களுக்குக் குறைவில்லை. மத்திய இடைநிலைக் கல்வி வாரியம் 2019-லேயே ஒன்பதாம் வகுப்பில் செயற்கை நுண்ணறிவை ஒரு விருப்பப் பாடமாக வைத்தது. 2026–27 கல்வியாண்டு முதல் மூன்றாம் வகுப்பிலிருந்தே இதைப் போதிக்கப்போவதாக மத்திய சர்க்கார் அறிவித்தது. நம் மாநிலப் பள்ளிக் கல்வித்துறையும் ‘டிஎன் ஸ்பார்க்’ என்ற பெயரால் செயற்கை நுண்ணறிவையும் ரோபாட்டிக்ஸையும் அரசுப் பள்ளி மாணாக்கருக்குக் கற்பிக்கத் தொடங்கியிருக்கிறது. யுனெஸ்கோ ஸ்தாபனம் 2023 செப்டம்பரில் வெளியிட்ட வழிகாட்டுதலோ, பதின்மூன்று வயதுக்குக் குறைந்தவர்கள் வகுப்பறையில் இத்தகைய உரையாடும் கருவிகளைத் தாமே கையாள்வது தகாது என்ற அபிப்பிராயத்தை வெளியிட்டது. எத்தனையாவது வகுப்பில் தொடங்குவது என்ற இந்த விவாதம் அவசியமானதே. ஆயினும் மாணாக்கன் கருவியை எப்படி உபயோகிக்கிறான் என்பதைக் கண்காணிக்கும் மும்முரத்தில், கருவி மாணாக்கனை எப்படி உபயோகிக்கிறது, எப்படி அளக்கிறது என்பதை நாம் மறந்துவிடலாகாது.

இதற்கு நல்ல திருஷ்டாந்தம் 2020-ஆம் வருஷம் இங்கிலாந்தில் நிகழ்ந்தது. கொள்ளைநோயினால் பரீட்சைகள் நின்றுபோகவே, ஆசிரியர்கள் தத்தம் மாணாக்கருக்கு உத்தேசமாகத் தரம் நிர்ணயித்து அனுப்ப, பரீட்சைகளை மேற்பார்வை செய்யும் ‘ஆஃப்குவால்’ என்ற அமைப்பு அவற்றை ஒரு கணக்குச் சூத்திரத்தில் இட்டுத் திருத்தியது. அது இன்றைய உரையாடும் யந்திரமன்று. வெறும் புள்ளியியல் கணிதமே. ஆனால் அந்தச் சூத்திரம், அந்தப் பள்ளியில் முந்திய வருஷங்களில் படித்தவர்கள் எப்படித் தேறினார்கள் என்பதைப் பிரதானமாகக் கொண்டு அவ்வருஷத்துப் பிள்ளையின் தரத்தை நிச்சயித்தபடியால், பின்தங்கிய பள்ளியில் தப்பிப் பிறந்த சூடிகையான மாணவி, தான் கண்ணாலும் கண்டிராத முன்னவர்களின் தோல்விக்குத் தண்டனை அனுபவிக்கும்படி ஆயிற்று. மாணாக்கர் தொகை மிகவும் குறைந்த வகுப்புகளில் சூத்திரம் செல்லாது என்று விலக்களித்து, ஆசிரியர் இட்ட தரத்தையே ஏற்றுக்கொண்டதால், அத்தகைய சிறு வகுப்புகளை நடத்தும் தனியார் பள்ளிகளே அதிகப் பலனை அடைந்தன. ஆசிரியர்கள் கொடுத்த தரங்களில் ஏறத்தாழ நூற்றுக்கு நாற்பது குறைக்கப்பட்டன. ஆகஸ்ட் 13-ஆம் தேதி முடிவுகள் வெளியாயின. பிள்ளைகள் தெருவில் இறங்கிக் கூச்சலிட்டார்கள். 17-ஆம் தேதியே சர்க்கார் சூத்திரத்தைக் கைவிட்டு ஆசிரியர்களின் மதிப்பீட்டை ஏற்றுக்கொள்ள நேர்ந்தது.

மறு வருஷம் நம் மாநிலத்திலும் பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சை ரத்தாயிற்று. இங்கேயும் ஒரு சூத்திரம்தான் வகுக்கப்பட்டது: பத்தாம் வகுப்பு மதிப்பெண்ணுக்கு ஐம்பது, பதினோராம் வகுப்புக்கு இருபது, பன்னிரண்டாம் வகுப்பின் செய்முறைக்கும் அக மதிப்பீட்டுக்கும் முப்பது விழுக்காடு. குறை சொல்ல இதிலும் இடமுண்டு. பத்தாவதில் ஏனோதானோவென்று இருந்துவிட்டுப் பின்னர் விழித்துக்கொண்டவன் நஷ்டப்பட்டான். இருந்தபோதிலும், கூட்டப்பட்டவையெல்லாம் அந்தப் பிள்ளை தன் கையால் சம்பாதித்த எண்கள். எழுதப்படிக்கத் தெரிந்த எந்தத் தகப்பனாரும் திண்ணையில் உட்கார்ந்து பென்சிலால் போட்டுச் சரிபார்த்துவிடக்கூடிய கணக்கு அது. அஞ்செட்டியில் படித்த பிள்ளை அஞ்செட்டியில் படித்த காரணத்துக்காகவே மட்டம் தட்டப்படவில்லை. பள்ளிக்குள் அனுமதிக்கத் தக்க யந்திரத்துக்கும் தகாத யந்திரத்துக்கும் உள்ள பேதத்தை இவ்விரண்டு உதாரணங்களைவிடத் தெளிவாக விளக்கும் சாஸ்திரம் ஒன்றை நான் அறியேன்.

இந்தப் பேதத்தை உணராத அரசு அல்ல நம்முடையது. 2020 செப்டம்பரிலேயே ‘பாதுகாப்பான, அறநெறி சார்ந்த செயற்கை நுண்ணறிவுக் கொள்கை’ ஒன்றைத் தமிழ்நாடு வெளியிட்டிருக்கிறது. பொதுமக்களிடம் பிரயோகிக்கும் எந்தக் கருவியையும் முன்கூட்டியே மதிப்பிட வேண்டும் என்று கூறும் அக்கொள்கை, சோதனைக்குரிய விஷயங்களில் ஒன்றாக டிஜிட்டல் இடைவெளியையும் தரவுப் பற்றாக்குறையையும் சேர்த்திருப்பது விசேஷமாகக் கவனிக்கத்தக்கது. தரவுப் பற்றாக்குறை என்பது இப்பகுதியில் ஏட்டுச் சொல்லாக நிற்பதில்லை. மேடைத் தமிழையும் செய்தித் தமிழையும் கேட்டுப் பழகிய ஒரு கருவி, கன்னட ஓசையும் தெலுங்குச் சொற்களும் கலந்து பேசும் ஒரு சிறுமியின் வாசிப்பைக் கேட்டு அவளுக்கு வாசிக்கத் தெரியாது என்று குறித்துவிட்டால், குறை வாசித்தவளுடையதா, கேட்டதனுடையதா? சென்னை ஐ.ஐ.டி.யின் ‘ஏஐ4பாரத்’ ஆய்வுக்கூடத்தினர் பற்பல ஜில்லாக்களுக்குச் சென்று இந்திய மொழிகளின் பேச்சைப் பதிவுசெய்து வருவது இக்குறையைத் தீர்க்கும் நன்முயற்சி. அது நிறைவெய்தும் வரை, சந்தையில் ராகி நிறுக்கும் தராசுக்குக்கூட முத்திரை கேட்கிற சட்டமுள்ள நாட்டில், குழந்தையின் புத்தியை நிறுக்கும் கருவிக்கு முத்திரை வேண்டாமா?

அளப்பது போலவே கண்காணிப்பதும் உண்டு. ஸ்வீடன் தேசத்தில் ஷெலெஃப்டியோ நகரத்துப் பள்ளி ஒன்று, இருபத்திரண்டு மாணாக்கரின் முகங்களைக் காமிராவால் அறிந்து வருகைப் பதிவு எடுக்கும் சோதனையை மூன்று வாரம் நடத்திப் பார்த்தது. 2019-இல் அந்நாட்டுத் தரவுப் பாதுகாப்பு அதிகாரிகள் அதற்கு இரண்டு லக்ஷம் குரோனர் அபராதம் விதித்தார்கள். பெற்றோர் சம்மதித்துக் கையெழுத்திட்டிருந்தும், பள்ளிக்குக் கட்டுப்பட்டவர்களின் சம்மதம் சுயேச்சையான சம்மதமாகாது என்று அவர்கள் கூறிய நியாயம் ஆழ்ந்து சிந்திக்கத்தக்கது. நம்முடைய 2023-ஆம் வருஷத்து டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் பதினெட்டு வயது நிரம்பாத யாவரையும் குழந்தையென்று கொண்டு, பெற்றோரின் சம்மதத்தை வேண்டுகிறது. ஆனால் தலைமை ஆசிரியர் நீட்டுகிற தாளில் கைநாட்டு வைக்க மறுக்கும் துணிவு எத்தனை பெற்றோருக்கு இருக்கும்? கல்வி உரிமைச் சட்டத்தின்படி அமைந்த பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கினர் பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். தனித்தனியே கையெழுத்து வாங்குவதைவிட அந்தக் குழுவைக் கூட்டி, இந்தக் கருவி பிள்ளையைப் பற்றி எதைச் சேகரிக்கிறது, அது எங்கே போகிறது, அது தவறு செய்தால் திருத்துகிறவர் யார் என்ற மூன்று கேள்விகளுக்கும் அவர்களுக்குப் புரியும் பாஷையில் பதில் சொல்லி, அதைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதிவைப்பதே மேலான வழி.

இனி ஆசிரியர். 2023 ஜனவரியில் சாட்ஜிபிடியைப் பள்ளிகளில் தடைசெய்த நியூயார்க் நகரம் அதே வருஷம் மே மாதத்தில் தடையை நீக்கிக்கொண்டது. தடை மட்டுமே ஆயத்தம் ஆகிவிடாது என்பதற்கு வேறு அத்தாட்சி வேண்டியதில்லை. பின்னம் என்றால் என்னவென்று கன்னடத்திலும் தெலுங்கிலும் ஒருமுறை சொல்லிக் காட்ட, இரண்டு மூன்று வகுப்புகளை ஒரே அறையில் வைத்துச் சமாளிக்கும் மலையூர் ஆசிரியைக்கு ஒரு கருவி உதவுமானால் அது பெரிய உபகாரமே. ஆனால் அது சொன்னது சரிதானா என்று பார்க்க அவருக்கு அவகாசம் வேண்டும். ‘எமிஸ்’ என்ற கல்வித் தகவல் இணையதளப் பதிவுகளுக்கே பொழுது போதாதவருக்கு அந்த அவகாசம் எங்கிருந்து கிடைக்கும்? கருவியை வாங்கித் தருகிற இலாகா, அதைப் பரிசோதிக்கும் நேரத்தையும், பொருந்தாவிட்டால் வேண்டாமென்று திருப்பி அனுப்பும் அதிகாரத்தையும் சேர்த்தே ஆசிரியருக்குத் தரவேண்டும். மாணாக்கனிடம் பொறுப்பை எதிர்பார்ப்பது அதற்குப் பிறகு செய்யவேண்டிய காரியம்.

அந்த நேரத்தை ஆசிரியரின் வேலைநாளில் எவ்விதம் ஒழித்துக் கொடுப்பது, எந்தெந்தப் பதிவேடுகளை அதற்காகக் குறைக்கலாம் என்பதை அடுத்த வாரம் ஆராய்வோம்.

(தொடரும்)