தசைவலு மிக்க நாய்க்கு ஏற்ற உணவு: தேர்வும் செலவும்

வாஷியின் மினி சீஷோர் நடைபாதையில் அதிகாலையில் உலவச் செல்வோர், தம் எசமானர்களை இழுத்துக்கொண்டு நடக்கும் கட்டுடல் நாய்கள் பலவற்றைக் காணலாம். லாப்ரடார், ராட்வைலர், பாக்ஸர், டாபர்மேன் என்று வெளிநாட்டு இனங்கள் மிகுதி. ராஜபாளையம், சிப்பிப்பாறை போன்ற நம் இனங்களை விரும்பி வளர்ப்போரும் உண்டு. மாட்டுங்காவிலும் செம்பூரிலும் சிறிய வீடுகளில் வாழ்ந்து, பின்னர் கழிமுகப் பாலத்தைக் கடந்து இங்குக் குடியேறிய தமிழ்க் குடும்பங்களிலும் நாய் இன்று வீட்டு உறுப்பினராகவே ஆகிவிட்டது. அந்த உறுப்பினருக்கு எதை ஊட்டுவது என்பதில்தான் குழப்பம். கடையில் வரிசையாக அடுக்கிய பைகள் ஒவ்வொன்றும் வலிமையையும் தசையையும் வாக்களிக்கின்றன. விலையோ ஒன்றுக்கொன்று பல மடங்கு வேறுபடுகிறது. தவறான தேர்வினால் பணம் மட்டும் வீணாவதில்லை. வளரும் குட்டியின் எலும்புக்குப் பின்னாளில் சரிசெய்ய இயலாத கேடும் நேரலாம். ஆகவே சில அடிப்படைகளை அறிந்துகொள்வது நலம்.

தசை எங்கிருந்து வருகிறது?

நாயின் தசைக்கட்டு முதலாவதாக அதன் இனத்தினாலும், இரண்டாவதாக அது செய்யும் உடற்பயிற்சியினாலும் அமைவது. புரதம் தசைக்கு மூலப்பொருள். ஆனால் மூலப்பொருளைக் குவித்தால் மட்டும் கட்டடம் உயர்ந்துவிடாது. தேவைக்கு மேற்பட்ட புரதத்தை உடல் சேமித்து வைப்பதில்லை. அதன் நைட்ரஜன் பகுதி யூரியாவாகி, சிறுநீரில் வெளியேறுகிறது. எஞ்சியது எரிபொருளாகவோ கொழுப்பாகவோ மாறுகிறது. எனவே பயிற்சியில்லாத நாய்க்குப் புரதப் பொடியும் தினமும் இரண்டு முட்டையும் கொடுத்தால் கிடைப்பது பெரும்பாலும் கொழுப்பே.

ராஜபாளையம் நாய் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. 2005-ஆம் ஆண்டு இந்திய அஞ்சல் துறை நான்கு நாட்டு இனங்களுக்கு அஞ்சல் தலை வெளியிட்டபோது இடம்பெற்றவற்றுள் அதுவும் ஒன்று. அதன் ஒடுங்கிய இடையும் இறுகிய தொடையும் காட்டுப் பன்றியை விரட்டி ஓடிய வேட்டை வாழ்க்கையின் விளைவு. அதே நாயை மூன்றாம் மாடிக் குடியிருப்பில் அடைத்து, நாளுக்கு அரைமணி நேரம் மட்டும் நடக்கவிட்டு, பந்தய நாய்க்குரிய கொழுப்பு மிக்க உணவை அளித்தால் அது விரைவில் பருத்துவிடும்.

குட்டிப் பருவத்தில் கவனம்

பெரிய இனக் குட்டிகளுக்குச் சுண்ணாம்புச் சத்து மருந்து ஊட்டுவது நம்மிடையே பரவலான பழக்கம். கால்கள் உறுதிப்பட வேண்டும் என்னும் நல்லெண்ணமே இதற்குக் காரணம். ஆனால் ஏறத்தாழ ஆறு மாதத்துக்குட்பட்ட குட்டியின் குடலுக்கு, வேண்டிய கால்சியத்தை மட்டும் ஏற்று மிகுதியை ஒதுக்கும் திறன் முழுமையாக அமைந்திருப்பதில்லை. கொடுத்ததில் பெரும்பகுதி உடலில் சேர்ந்துவிடுகிறது. நெதர்லாந்தின் உட்ரெக்ட் நகரில் கிரேட் டேன் குட்டிகளைக் கொண்டு 1980-களில் நடந்த ஆய்வுகள், மிகுந்த கால்சியம் எலும்பு வளர்ச்சியைச் சீர்குலைப்பதைத் தெளிவாகக் காட்டின. அதே ஆய்வாளர்கள் பின்னர் புரதத்தின் அளவை மாற்றிப் பார்த்தபோது, மிகுபுரதம் எலும்பைக் கெடுப்பதாகத் தெரியவில்லை. கேடு விளைவிப்பவை மிகுந்த கால்சியமும், மிகுந்த உணவால் ஏற்படும் அதிவேக வளர்ச்சியுமே.

அமெரிக்கத் தீவன அலுவலர் சங்கத்தின் அளவுகோல், வளர்ந்தபின் சுமார் 32 கிலோவும் அதற்கு மேலும் எடையுறும் இனக் குட்டிகளின் உணவில், நீர் நீங்கலான பொருளில் கால்சியம் 1.8 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்கிறது. ஆகவே ராட்வைலர் போன்ற குட்டிகளுக்குப் பெரிய இனக் குட்டி உணவையே தேர்ந்தெடுத்து, மருத்துவர் சொன்னாலன்றிக் கால்சியம் எதையும் தனியே சேர்க்காதிருப்பதே பாதுகாப்பு.

பையின் மேலுள்ள குறிப்பைப் படித்தல்

முன்பக்கத்துப் படத்தைவிடப் பின்பக்கத்துச் சிற்றெழுத்தே முதன்மையானது. முதலில் காண வேண்டியது, அவ்வுணவு முழுமையானதும் சமச்சீரானதும் என்று குறிக்கும் 'கம்ப்ளீட் அண்ட் பேலன்ஸ்டு' என்னும் தொடர்; அது குட்டிக்கா, வளர்ந்த நாய்க்கா என்பதையும் அவ்விடத்திலேயே காணலாம். இத்தொடர் இல்லாதது துணை உணவு. அதை மட்டுமே நம்பி நாயை வளர்க்க இயலாது.

அடுத்தது புரதமும் கொழுப்பும். மேற்சொன்ன அளவுகோலின்படி, நீர் நீங்கலான பொருளில் வளர்ந்த நாய்க்குக் குறைந்தது 18 விழுக்காடு புரதமும் 5.5 விழுக்காடு கொழுப்பும், குட்டிக்கு 22.5 விழுக்காடு புரதமும் 8.5 விழுக்காடு கொழுப்பும் வேண்டும். 'நீர் நீங்கலான' என்பது இங்கே முக்கியம். 10 விழுக்காடு ஈரமுள்ள உலர் உணவில் 24 விழுக்காடு புரதம் என்று அச்சிட்டிருந்தால், 24-ஐ 0.90-ஆல் வகுக்க, உண்மை அளவு ஏறத்தாழ 26.7 விழுக்காடு. 80 விழுக்காடு ஈரமுள்ள டப்பா உணவில் 8 விழுக்காடு என்றிருந்தால், 8-ஐ 0.20-ஆல் வகுக்க 40 விழுக்காடு. எண்ணை மட்டும் பார்ப்பவர் டப்பா உணவைத் தாழ்வாக மதிப்பிடுவார்.

தானியமற்ற உணவே உயர்ந்தது என்னும் விளம்பரத்தையும் அப்படியே ஏற்க வேண்டியதில்லை. ஓநாயிடம் மாச்சத்தைச் செரிக்கும் அமிலேஸ் மரபணு இரு பிரதிகளாக மட்டுமே இருக்க, நாய்களிடம் அது பல மடங்கு பெருகியிருப்பதை 2013-இல் வெளிவந்த ஆய்வு காட்டியது. மனிதரோடு வாழ்ந்த நாய் சோற்றையும் செரிக்கப் பழகிவிட்டது. மேலும், தானியமற்ற சில உணவுகளுக்கும் இதயத் தசை விரிந்து தளரும் நோய்க்கும் தொடர்பு உண்டா என்று அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2018-இல் ஆராயத் தொடங்கியது. அத்தொடர்பு உறுதிப்படவில்லை. எனினும் டாபர்மேன், பாக்ஸர் ஆகிய இனங்களுக்கு இதயத் தசை நோய் மரபாகவே வரக்கூடியதாதலால், அவற்றை வளர்ப்போர் மருத்துவரைக் கேட்டு முடிவு செய்தல் நன்று.

எவ்வளவு கொடுக்க வேண்டும்?

நாயின் எடையைக் கிலோவில் எடுத்து, அதன் 0.75 அடுக்கைக் கண்டு, 70-ஆல் பெருக்கினால் ஓய்வுநிலைத் தேவை கிலோகலோரியில் கிடைக்கும். 30 கிலோ நாய்க்கு இது சுமார் 900. கருத்தடை செய்த வளர்ந்த நாய்க்கு இதை 1.6-ஆல் பெருக்கலாம்; நாளுக்கு ஏறத்தாழ 1,440 கிலோகலோரி. இது தொடக்கக் கணக்கு மட்டுமே. அடுத்த சில வாரங்களில் நாயின் உடலைக் கவனித்துக் கூட்டவோ குறைக்கவோ வேண்டும்.

உடலைக் கவனிக்கும் முறை எளிது. விலாவின் மீது உள்ளங்கையை வைத்து மெல்லத் தடவினால் எலும்புகள் கைக்குத் தட்டுப்பட வேண்டும். மேலிருந்து பார்த்தால் இடை ஒடுங்கியும், பக்கவாட்டில் வயிறு மேலேறியும் இருக்க வேண்டும். விலா எலும்பைத் தேட வேண்டியிருந்தால் அது தசையன்று, கொழுப்பே.

பியூரினா நிறுவனத்தின் ஆய்வாளர்கள் 48 லாப்ரடார்களை இணை இணையாகப் பிரித்து, ஒன்றுக்கு மற்றதைவிட 25 விழுக்காடு குறைவாக உணவளித்து வாழ்நாள் முழுதும் கவனித்தனர். 2002-இல் வெளிவந்த முடிவின்படி, குறைவாக உண்டவற்றின் இடைநிலை ஆயுள் 13.0 ஆண்டு; மற்றவற்றுக்கு 11.2 ஆண்டு. மூட்டு நோயும் மெலிந்த நாய்களுக்குக் காலந்தாழ்ந்தே வந்தது. லாப்ரடார்களில் ஏறத்தாழ நான்கில் ஒன்றுக்குப் பசியைத் தூண்டும் மரபணு மாற்றம் இருப்பதைக் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் 2016-இல் கண்டறிந்தனர். ஆகவே அது ஏக்கத்தோடு பார்ப்பதெல்லாம் பசிக்குச் சான்றாகாது.

செலவுக் கணக்கு

உணவின் விலையைக் கிலோவுக்கு ஒப்பிடுவது சரியன்று. நாளுக்கு ஒப்பிட வேண்டும். கிலோ 300 ரூபாய் உணவொன்றில் 3,200 கிலோகலோரியும், 400 ரூபாய் உணவொன்றில் 4,000 கிலோகலோரியும் இருப்பதாகக் கொள்வோம். நம் 30 கிலோ நாய்க்கு முதலாவது நாளுக்கு 450 கிராம் தேவை. செலவு 135 ரூபாய். இரண்டாவது 360 கிராம் போதும். செலவு 144 ரூபாய். கிலோவுக்கு நூறு ரூபாய் வேறுபாடு, நாளுக்கு ஒன்பது ரூபாயாகவும் மாதத்துக்கு 270 ரூபாயாகவும் சுருங்கிவிடுகிறது.

கலோரி அளவு அச்சிடப்படாவிட்டால் நாமே கணக்கிடலாம். புரதம், கொழுப்பு, நார், ஈரம், சாம்பல் ஆகியவற்றின் விழுக்காடுகளை நூறிலிருந்து கழித்தால் மாச்சத்து கிடைக்கும். புரதத்தையும் மாச்சத்தையும் 3.5-ஆலும், கொழுப்பை 8.5-ஆலும் பெருக்கிக் கூட்டினால் 100 கிராமுக்குரிய கிலோகலோரி. புரதம் 24, கொழுப்பு 12, நார் 4, ஈரம் 10, சாம்பல் 8 எனில் மாச்சத்து 42. ஆக 333 கிலோகலோரி. உணவை அளக்கக் குவளையைவிடச் சமையலறைத் தராசே நம்பகமானது.

வீட்டுச் சமையல் போதுமா?

தயிர்ச் சோறு உண்டு நீண்டநாள் வாழ்ந்த நாய்களை நாம் அறிவோம். எனினும் கட்டுடல் இனத்துக்கு அது நிறைவான உணவன்று. வெறும் சோற்றின் 1,000 கிலோகலோரியில் ஏறத்தாழ 21 கிராம் புரதமே உண்டு. மேற்சொன்ன அளவுகோல் கேட்பதோ 45 கிராம். எதிர்த்திசையில், எலும்பற்ற இறைச்சியை மட்டும் கொடுப்பதும் தவறு. இறைச்சியில் பாஸ்பரஸ் மிகுதி, கால்சியம் மிகக் குறைவு. அந்தக் குறையை நிரப்ப உடல் தன் எலும்பிலிருந்தே கால்சியத்தை எடுக்கும். குட்டியின் கால் வளைவதும் எலும்பு முறிவதும் அதன் விளைவு. முழுவதும் வீட்டுணவே அளிக்க விரும்புவோர், கால்நடை மருத்துவரிடம் அளவுத் திட்டம் ஒன்றைப் பெறுதல் வேண்டும். பரேலில் 1886 முதல் இயங்கிவரும் கால்நடை மருத்துவக் கல்லூரி நம் பகுதியினர் எளிதில் சென்று சேரக்கூடிய தொலைவிலேயே உள்ளது.

வெங்காயமும் பூண்டும் நாயின் சிவப்பணுக்களைச் சிதைப்பன. ஆகவே சாம்பார் சோறு ஆகாது. திராட்சையும் உலர்திராட்சையும் சிறுநீரகத்தைத் தாக்கக்கூடும். பாயசத்தையும் சர்க்கரைப் பொங்கலையும் பகிரும்போது இதை மறக்கலாகாது. வெந்த எலும்பு கூராகப் பிளந்து குடலைக் கிழிக்கும். தீனிகளின் பங்கு நாள் தேவையில் பத்தில் ஒன்றைத் தாண்டக் கூடாது; ஒரு மேசைக்கரண்டி நெய்யே ஏறத்தாழ அவ்வளவையும் நிரப்பிவிடும்.

வாஷியின் மழையும் வெக்கையும்

சூன் முதல் செப்டம்பர் வரை கழிமுகக் காற்றின் ஈரத்தில் உலர் உணவு விரைவில் நமுத்துப் பூஞ்சை பிடிக்கும். சில பூஞ்சைகள் அஃப்லடாக்சின் என்னும் ஈரல் நஞ்சை உண்டாக்குவன. 2005 இறுதியில் அமெரிக்காவில் இந்நஞ்சு கலந்த உணவினால் ஏறத்தாழ நூறு நாய்கள் மாண்டன. மலிவு கருதிப் பெரும் பை வாங்குவதைவிட, மழைக்காலத்தில் நான்கைந்து வாரங்களில் தீரும் அளவு வாங்குவது நலம். உணவை அதன் பையோடு, காற்றுப் புகாத பாத்திரத்தில் வைத்தால் காலாவதி நாளும் தொகுதி எண்ணும் கைவசம் இருக்கும். இவையிரண்டும் தெரியாமல் பிரித்து நிறுத்து விற்கப்படும் உணவைத் தவிர்த்தல் வேண்டும்.

ஆழ்ந்த மார்புடைய இனங்களுக்கு வயிறு உப்பி முறுக்கிக்கொள்ளும் ஆபத்து உண்டு. சில மணி நேரத்தில் உயிரைப் பறிப்பது அது. ஒரே வேளையில் குவிக்காமல் நாள் உணவை இருவேளையாகப் பிரித்து, உண்டபின் ஒரு மணி நேரமாவது ஓட்டத்தைத் தவிர்ப்பது நல்லது. வயிறு உப்பி, வாந்தி வராமல் ஓங்கரித்தால் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். புதிய உணவுக்கு மாறும்போது பழையதுடன் சிறிது சிறிதாகக் கலந்து, ஏழு முதல் பத்து நாட்களில் முழுதும் மாற்றலாம்.

நாயின் உணவுச் செலவு பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் தொடர்வது. மாத வரவுசெலவில் அதற்கொரு பகுதியை ஒதுக்குவதோடு, தடுப்பூசிக்கும் எதிர்பாராத மருத்துவத்துக்கும் சிறு தொடர் வைப்பொன்றைத் தொடங்கி வைத்தல் அறிவுடைமை. டானிக்குக்கும் புரதப் பொடிக்கும் செலவிடும் தொகையை அதில் சேர்த்து, தினமும் கூடுதலாக அரைமணி நேரம் நாயோடு நடந்தால், தசையும் வளரும், சேமிப்பும் வளரும்.