இயந்திரப் படகின் புகைவழி

இயந்திரப் படகொன்று கடலுக்குப் புறப்படும் வேளையிற் கரையில் நிற்போர் ஒரு காட்சியைக் கண்டிருப்பர். எஞ்சின் இயங்கத் தொடங்கியதும் அனுபவம் வாய்ந்த ஓட்டி எஞ்சினைப் பார்ப்பதில்லை; படகின் பின்புறத்தே எட்டிப் பார்க்கிறார். புகைக்குழாயின் வாயிலிருந்து, புகையோடு கலந்து கடல்நீர் விட்டுவிட்டுப் பீறிடுகின்றதா என்று காண்பதே அவர் நோக்கம். நீர் வந்தால் நங்கூரம் எடுக்கப்படும். வராவிட்டால் எஞ்சின் அக்கணமே நிறுத்தப்படும். சில விநாடிகளே செல்லும் இப்பார்வையின் பயனை அறிவதற்கு, டீசல் எஞ்சினின் புகை எவ்வழியாக வெளியேறுகின்றது என்பதை முதலில் அறிதல் வேண்டும்.

டீசல் எஞ்சினிலே காற்று மிக இறுக்கமாக அமுக்கப்பட்டுச் சூடேறுகின்றது. அச்சூட்டில் எண்ணெய் தெளிக்கப்பட, அது தானே தீப்பற்றிப் பிஸ்டனைத் தள்ளுகின்றது. எரிந்து முடிந்த வாயு, வால்வு திறந்ததும், எல்லாச் சிலிண்டர்களுக்கும் பொதுவான திரட்டுக் குழாயை அடைகின்றது. எஞ்சின் முழுப் பாரத்துடன் இயங்கும்போது அவ்வாயுவின் வெப்பம் 400 முதல் 500 பாகை செல்சியஸ் வரை இருக்கக்கூடும். தெருவில் ஓடும் லொறியின் குழாயை வீசும் காற்றுத் தணிக்கும். படகிலோ எஞ்சின் பலகைகளால் மூடிய சிறிய அறைக்குள் இருக்கின்றது. சுற்றிலும் மரம், கண்ணாடி நார், எண்ணெய், கயிறு. 1912ஆம் ஆண்டிலே பெருங்கடலோடிய டென்மார்க்கின் செலாண்டியா என்னும் டீசற் கப்பலுக்குப் புகைபோக்கியே கிடையாது. அதன் புகை பாய்மரம் ஒன்றின் உள்ளாக மேலே செலுத்தப்பட்டது. சிறு படகுக்கு அத்தகைய வசதி ஏது? ஆகவே அது கடல்நீரையே துணைக்கொள்கின்றது.

எஞ்சினைக் குளிர்விப்பதற்காகப் பம்பு இழுத்த கடல்நீர், தன் வேலை முடிந்தபின், முழங்கை போல வளைந்த ஓர் உலோகக் குழாயில் வெப்பப் புகையோடு கலக்கின்றது. அங்கே புகையின் சூடு மிகவும் தணிந்துவிடுவதால், அதற்கு அப்பால் றப்பர்க் குழாயையே பயன்படுத்த முடிகின்றது. நீர் நின்றுவிட்டாலோ, அந்த றப்பர் சில நிமிடங்களிலேயே வெந்து இளகிவிடும். பின்புறம் எட்டிப் பார்த்த ஓட்டியின் அவசரத்துக்குக் காரணம் இதுவே.

இலங்கையில் 1958ஆம் ஆண்டளவில் மூன்றரைத் தொன் இயந்திரப் படகுகள் புகுத்தப்பட்ட காலந்தொட்டு, பாயையும் துடுப்பையும் அறிந்த மீனவர் எஞ்சினையும் அறியவேண்டியவராயினர். எண்ணெய் மாற்றுதல், வடிகட்டி மாற்றுதல் முதலியவற்றை அவர்கள் விரைவிற் கற்றுக்கொண்டனர். முழங்கைக் குழாயோ பெரும்பாலும் கவனிப்பாரற்றே கிடக்கின்றது. அதற்கு ஒரு நியாயமும் உண்டு: அதன் கேடு வெளியே தெரிவதில்லை.

வெப்பம், உப்புநீர், புகையிலுள்ள கந்தக வாயு நீரிற் கலந்து உண்டாகும் அமிலம் ஆகிய மூன்றும் ஒருங்கே கூடும் இடம் அது. வார்ப்பிரும்பு ஏடு ஏடாக உதிரும். துருப்பிடிக்காத உருக்கு எனப்படுவதும் ஒட்டு வைத்த இடங்களில் ஊசித்துளை கண்டுவிடும். இவ்வரிப்பு யாவும் உள்ளிருந்தே தொடங்குகின்றது. புறத்தே வண்ணப்பூச்சுப் பளபளத்துக் கொண்டிருக்க, உள்ளே சுவர் தாள்போல் மெலிந்திருக்கும். துடைத்து எண்ணெய் பூசிவிட்டால் பராமரிப்பு முடிந்தது என்று கருதுவது இவ்வுறுப்பைப் பொறுத்தவரை வீண் நம்பிக்கையாகும்.

எனவே ஆண்டுக்கொரு முறையேனும், அல்லது எஞ்சினின் கைநூல் குறிப்பிடும் மணிக்கணக்கின்படி, எஞ்சின் நன்கு ஆறியபின் முழங்கையைக் கழற்றியே பார்க்கவேண்டும். சிறு சுத்தியலால் தட்டினால் நல்ல உலோகம் கணீரென ஒலிக்கும். அரித்துப்போனது மந்தமாக ஒலிக்கும். நீர் புகும் துவாரத்தின் அருகிலும் வளைவின் அடிப்பக்கத்திலும் கூரிய ஆணியால் அழுத்திச் சோதித்தல் நன்று. ஆணி புகுமாயின், கரையிலேயே புகுந்தமைக்கு மகிழ்ந்து புதியதைப் பொருத்தவேண்டியதுதான். கழற்றாத நாட்களிலும் மூட்டுகள் செய்தி சொல்லும். வெண்ணிற உப்புப் படிவு நீர்க்கசிவின் அடையாளம். கருங்கோடு புகைக்கசிவின் அடையாளம். திரும்பப் பூட்டும்போது பழைய காஸ்கெற்றை மீண்டும் வைத்தல் ஆகாது. நீர்மட்டத்துக்குக் கீழுள்ள றப்பர்க் குழாய் ஒவ்வொரு முனையிலும் இரண்டு பட்டிகளால் இறுக்கப்படவேண்டும்.

அரிப்பைப் போலவே கரியும் ஒரு பகை. பாரமின்றி எஞ்சினை நெடுநேரம் மெதுவாக ஓடவிடும் வழக்கத்தால், அரைகுறையாக எரிந்த எண்ணெயின் கரி உப்போடு சேர்ந்து முழங்கையின் வாயை அடைக்கும். புகை வெளியேற இடமின்றிப் பின்னோக்கி நெருக்கும். கரும்புகை, சூடேறல், வேகக் குறைவு ஆகியன தோன்றும். எண்ணெய்த் தெளிப்பான்களை மாற்றிப் பணத்தைச் செலவழித்த பின்னரே சிலர் இவ்வடைப்பைக் கண்டுபிடிக்கின்றனர்.

இனி, நல்ல எஞ்சினும் ஒரே நாளிற் பாழாகும் விதம் ஒன்றுண்டு. எஞ்சின் எழும்ப மறுக்கின்றது. ஓட்டி ஸ்டார்ட்டரை மீண்டும் மீண்டும் அழுத்துகிறார். ஒவ்வொரு சுற்றிலும் பம்பு கடல்நீரைத் தள்ளுகின்றது. அதனை வெளியே எறிவதற்கு வேண்டிய புகை வேகமோ இல்லை. சைலன்சர்ப் பெட்டி நிரம்பி, நீர் பின்வாங்கி, திறந்திருக்கும் வால்வு வழியாகச் சிலிண்டரிற் புகுகின்றது. நீர் காற்றைப்போல் அமுங்குவதன்று. அடுத்த சுற்றிற் பிஸ்டன் அந்நீரில் மோத, அதனைத் தாங்கும் தண்டு வளைந்துவிடும். எஞ்சின் எளிதில் எழும்பாதபோது கடல்நீர் வால்வை மூடிவிட்டு முயல்வதும், எழும்பிய உடனே மறவாது திறப்பதும் இதனைத் தவிர்க்கும். எஞ்சின் நீர்மட்டத்துக்குத் தாழ்வாக அமைந்த படகில், நின்ற பின்னும் நீர் தானே இழுபட்டு உட்புகக்கூடும். பீப்பாவிலிருந்து றப்பர்க் குழாயால் எண்ணெய் இறக்குவது போன்றதே இது. இதனைத் தடுக்கவே நீர்க்குழாய் மேலே உயர்த்தி வளைக்கப்பட்டு, அதன் உச்சியிற் காற்று விடும் சிறு வால்வு பொருத்தப்படுகின்றது. உப்பு அடைத்த அவ்வால்வு இருந்தும் இல்லாததே. நன்னீரிற் கழுவினால் மீண்டும் பயன்படும். நீர் புகுந்துவிட்டதென ஐயம் எழுந்தால் ஸ்டார்ட்டரைத் தொடவே கூடாது. தெளிப்பான்களைக் கழற்றி, எஞ்சினைக் கையாற் சுழற்றி, நீரை வெளியேற்றவேண்டும். பால்போல் வெளுத்த எண்ணெயை அன்றே மாற்றவேண்டும்.

நீர் கலவாத உலர்ந்த குழாய் உள்ள படகுகளில், அதன்மேற் சுற்றிய வெப்பக் காப்பே முக்கியம். பெருங்கப்பல்களில் 220 பாகைக்கு மேற் சூடேறக்கூடிய பரப்புகள் மூடப்படவேண்டும் என்பது சர்வதேச விதி. எண்ணெய்த் துளி அதன்மேல் விழுந்தால் தீப்பற்றக்கூடும். எண்ணெய் ஊறிய காப்பை உடனே அகற்றுதல் வேண்டும். பழைய கலங்களிற் காணப்படும் சுற்று கல்நாராக இருக்கலாம். அதன் தூசி நுரையீரலுக்குக் கொடிய தீங்கு விளைப்பதாகையால், அதைக் கையாற் பிய்க்காது, அத்தொழிலிற் பயின்றோரிடமே விடவேண்டும்.

பல நாட்கள் கடலில் தங்கும் கலங்களில் ஊழியர் உறங்கும் இடம் எஞ்சின் அறைக்கு அருகிலேயே இருப்பதுண்டு. புகையிலுள்ள காபனோரொட்சைட்டுக்கு நிறமுமில்லை, மணமுமில்லை. ஒட்சிசனைவிட 200 மடங்குக்கும் மேலான வலிமையோடு அது குருதியைப் பற்றிக்கொள்ளும். பெற்றோல் எஞ்சினைவிட டீசல் எஞ்சின் இதனைக் குறைவாகவே வெளிவிடுகின்றது என்பது மெய். எனினும் மூடிய அறையில் இரவு முழுதும் கசியும் சிறு வெடிப்புக்கு அந்தக் கணக்கு பொருந்தாது. காலையில் எழும்போது பலருக்கு ஒருங்கே தலைவலியும் குமட்டலும் காணுமாயின், அதனைக் கடல் மயக்கம் என்று தள்ளிவிடலாகாது. எல்லோரையும் மேற்றளத்துக்கு அழைத்து, எஞ்சினை நிறுத்தி, அறையைக் காற்றோட்டமாகத் திறந்துவிட்டு, கைவிளக்கோடு புகைக்குழாயின் மூட்டுகளை ஒவ்வொன்றாகப் பார்த்து வருதல் வேண்டும்.