கூழாங்கல்லில் பிறந்த கணிதம்

பண்டைய உரோமில் கணக்கர் கூட்டலுக்கு அமர்ந்தால், எழுதுகோலை நாடுவதில்லை. பலகைமேல் சிறு கற்களைப் பரப்புவார். உரோம எண்குறிகள் தொகையைப் பதிந்து வைக்க ஏற்றவை. அவற்றைக் கொண்டு பெருக்குவதும் வகுப்பதும் பெரும்பாடு. ஒன்றுக்கு ஒரு வரிசை, பத்துக்கு ஒரு வரிசை எனக் கற்கள் இடம்மாற, விடை கண்முன் நிற்கும். அந்தச் சிறுகல்லின் இலத்தீன் பெயரே ‘கால்குலுஸ்’.

சுண்ணாம்புக்கல்லைக் குறிக்கும் ‘கால்க்ஸ்’ என்னும் சொல், சிறுமை உணர்த்தும் ஈறு பெற்று இவ்வடிவம் கொண்டது. நம் ‘கல்’லும் இதனோடு ஒலியால் ஒத்திருப்பது உண்மை. ஆயினும் ஒலியொப்புமை ஒன்றே உறவுக்குச் சான்றாகாது. தமிழின் தொன்மைக்கு அத்தகைய முட்டுக்கோல் தேவையும் இல்லை.

உரோமர் இச்சொல்லைப் பல இடங்களில் ஆண்டனர். ஆட்டக்காய்க்கும் அதுவே பெயர். வெள்ளைக்கல் இட்டால் விடுதலை, கறுப்புக்கல் இட்டால் தண்டனை என்னும் பழைய தீர்ப்பு முறையை உரோமக் கவிஞர் ஓவிட் பாடியிருக்கிறார். அங்கும் இச்சொல் உண்டு. கி.பி. முதல் நூற்றாண்டில் உரோம எழுத்தாளர் செல்சுஸ், சிறுநீர்ப்பையை அறுத்துக் கல்லகற்றும் முறையைத் தம் மருத்துவ நூலில் விரித்துரைத்தபோது, அக்கல்லையும் இப்பெயராலேயே சுட்டினார். மருத்துவ உலகம் இன்றளவும் அதைக் கைவிடவில்லை. பல்லில் படிந்து இறுகும் காரைக்கும் அதுவே பெயர்.

1808இல் வேதியியலாளர் ஹம்ப்ரி டேவி சுண்ணாம்பிலிருந்து மின்னாற்றலால் ஒரு தனிமத்தைப் பிரித்து, பழைய ‘கால்க்ஸ்’ வழியே கால்சியம் எனப் பெயரிட்டார். சிறுநீரகக் கற்களுள் பெரும்பாலானவை கால்சியம் ஆக்சலேட்டால் ஆனவை. கல்லின் பெயரும் அதிலுள்ள தனிமத்தின் பெயரும் ஒரே வேரில் கிளைத்தவை என்பது எனக்கு என்றும் வியப்பே.

நுண்கணிதத்துக்குக் ‘கால்குலுஸ்’ என்னும் பெயர் வந்த வழி வேறு. 1684இல் செருமானிய அறிஞர் லைப்னிட்ஸ் தம் புதுமுறையை வெளியிட்ட கட்டுரைத் தலைப்பில், ‘கணக்கிடும் முறை’ என்னும் பொருளில் இச்சொல்லை அமைத்தார். நியூட்டன் தம் முறைக்கு ‘பிளக்சியன்’ என்று பெயரிட்டிருந்தார். நிலைத்தது லைப்னிட்ஸின் சொல்லே. ஒன்று, இரண்டு எனத் தனித்தனியே எண்ணப்பட்ட கல்லின் பெயர், வீழும் பொருளின் விரைவையும் வளைகோட்டின் சாய்வையும் போல இடையறாது மாறுவனவற்றை அளக்கும் துறைக்கு வாய்த்தது!

பிரெஞ்சில் இன்றும் ஒரே சொல் கணக்கையும் உடற்கல்லையும் குறிக்கிறது. தமிழோ கல்லைக் கல் என்றும் அக்கணிதத் துறையை நுண்கணிதம் என்றும் பிரித்தே வழங்குகிறது. மிகச்சிறு மாற்றங்களை நுணுகி அளக்கும் அத்துறையின் இயல்பை நம் சொல் நேரே உரைக்கிறது. இலத்தீன் சொல் அதை உரைக்கவில்லை. ஆசிரியப் பெருமக்கள் வகுப்பறையில் நுண்கணிதம் என்னும் பெயரையே தயங்காது ஆள வேண்டுகிறேன்.