யானைச் சந்தையும் படைத்துணையும்

கோப்பாய் என்றவுடன் இன்று பலருக்கும் நினைவுக்கு வருவது அங்குள்ள ஆசிரிய கலாசாலையே. யாழ்ப்பாணத்திலிருந்து பருத்தித்துறைக்குச் செல்லும் பெருவீதியிலே, நல்லூருக்கு வடகிழக்கே சில மைல் தொலைவில், தோட்டங்களும் கிணறுகளும் நிறைந்து, கிழக்கெல்லையாக உப்பாற்றுக் கடனீரேரியைக் கொண்டு விளங்கும் அமைதியான ஊர் அது. ஆயினும் 1560ஆம் ஆண்டிலே யாழ்ப்பாண அரசு முழுவதும் சில நாழிகை நேரம் அந்த ஊரின் கோட்டைக்குள் அடங்கியிருந்தது. கோவாவிலிருந்த போர்த்துக்கேய அரசப் பிரதிநிதி கொன்ஸ்தந்தீனு த பிறகன்சா தானே பெருங்கப்பற்படையுடன் வந்திறங்கி நல்லூரைக் கைப்பற்றியபொழுது, மன்னன் முதலாஞ் சங்கிலி பின்வாங்கிச் சென்ற இடம் கோப்பாய். அங்கும் பகைவர் தொடரவே, அதனையும் கைவிட்டுக் காட்டுப்புறம் நோக்கிப் போயினான்.

அவ்வேளையில் அவனுக்கு வேண்டியிருந்தவை இரண்டு. ஒன்று, போர்த்துக்கேயரின் துவக்குக்கும் பீரங்கிக்கும் ஈடான படைக்கலம். மற்றொன்று, கடல் கடந்து உதவிக்கு வரக்கூடிய நட்பரசன். இரண்டும் இல்லாதவனல்லன் சங்கிலி. ஆனால் இருந்தவை கோப்பாய்க்கு எட்டவில்லை. ஏன் எட்டவில்லை என்பதை அறிவதற்கு, அக்காலத்துப் படைக்கல வணிகம் எவ்வாறு நடந்தது என்பதைச் சிறிது பார்க்கவேண்டும்.

இக்காலத்திலே படைக்கல வணிகத்துக்கெனப் பெருங் கண்காட்சிகள் நடைபெறுகின்றன. பாரிசு நகரை அடுத்து 1967ஆம் ஆண்டு முதல் அத்தகைய கண்காட்சி நடந்து வருகின்றது. தமிழ்நாட்டிலே, சென்னைக்குத் தெற்கே, நித்தியகல்யாணப் பெருமாள் கோயில் கொண்டுள்ள திருவிடந்தை என்னும் கடலோர ஊரிலே, 2018ஆம் ஆண்டு ஏப்பிரல் மாதம் நான்கு நாள்கள் இந்திய அரசின் கண்காட்சி ஒன்று நடந்தது. ஆவடியிலே செய்யப்பட்ட தாங்கிகள் மணலில் ஓடிக் காட்டின. பிற நாடுகளின் அமைச்சர்களும் தளபதிகளும் வந்து பார்த்தனர். இத்தகைய இடங்களில் வெளியே தெரிவது படைக்கலம். உள்ளே அடைத்த அறைகளில் நடப்பது நட்புப் பேச்சு. ஒரு நாடு மற்றொரு நாட்டிடம் போர் விமானம் வாங்கினால், முப்பது நாற்பது ஆண்டுகளுக்கு அதன் உதிரி உறுப்புக்கும் பழுது பார்த்தலுக்கும் பயிற்சிக்கும் விற்றவனையே எதிர்பார்த்திருக்கவேண்டும். ஆகவே படைத்துணைத் தலைவர்கள் கண்காட்சிக்கு வருவது பொழுதுபோக்குக்காக அன்று. யார் யாரிடம் வாங்குகின்றார் என்பதைப் பார்த்தாலே யார் யாருக்குத் துணை என்பது பெரும்பாலும் விளங்கிவிடும்.

இந்த வழக்கம் புதியது என்று எண்ணுதல் தவறு. பீரங்கி பெருகுவதற்கு முன் ஆசியாவின் அரசர்கள் தேடி அலைந்த படைக்கலம் யானை. மகா அலெக்சாந்தரின் தளபதிகளுள் ஒருவனான செலூக்கசு, சந்திரகுப்த மௌரியனுடன் உறவு செய்துகொண்டு, சிந்து நதியை ஒட்டிய நாடுகளை விட்டுக்கொடுத்து, அவனிடமிருந்து 500 யானைகளைப் பெற்றான் என்பது கிரேக்க ஆசிரியர் கூற்று. கி.மு. 301இல் இப்சசு என்னுமிடத்தில் நடந்த பெரும் போரில் அந்த யானைகளே அவன் பக்கத்துக்கு வெற்றி தேடித் தந்தன. நாட்டைக் கொடுத்து யானையை வாங்கினான் ஒருவன். யானையைக் கொடுத்து நாட்டையும் நட்பையும் வாங்கினான் மற்றவன்.

இந்த வணிகத்தில் ஈழத்துக்கு மிகப் பழைய பங்குண்டு. இலங்கை யானைகள் இந்திய யானைகளிலும் பெரியவை, போருக்கு ஏற்றவை என்று ஒனேசிகிரித்தசு எழுதியதாகப் பிளினி குறித்துள்ளார். ஈழத்தவர் அதற்கென்றே பெரும் மரக்கலங்கள் செய்து, யானைகளை எதிர்க்கரைக்கு ஏற்றிச்சென்று, கலிங்க நாட்டு மன்னனுக்கு விற்றனர் என்று ஏலியன் என்பார் கூறுகின்றார். கடலில் யானை ஏற்றிச் செல்லுதல் எளிய தொழில் அன்று. அசையும் பாரம், தண்ணீர்ச் செலவு, அஞ்சி மிரண்டால் கப்பலையே கவிழ்க்கும் பலம், இத்தனையும் தாங்கும் கலம் செய்யத் தெரிந்தவர் அக்காலத்திலேயே இருந்தனர்.

யானை விலைக்காகப் போரும் நடந்தது. பொலன்னறுவையில் 12ஆம் நூற்றாண்டில் ஆண்ட முதலாம் பராக்கிரமபாகு பர்மா நாட்டின்மீது கடற்படை அனுப்பினான். அதற்குச் சூளவம்சம் சொல்லும் காரணங்களுள் முதன்மையானது, பர்மிய மன்னன் யானை விற்பனையைத் தடுத்ததும் விலையைப் பன்மடங்கு உயர்த்தியதும் ஆகும். சொந்த நாட்டிலேயே யானை உள்ள மன்னன் பிற நாட்டு யானைக்காகச் சண்டைக்குப் போனது வியப்பாகத் தோன்றலாம். சந்தை தன் கையை விட்டுப் போகக்கூடாது என்னும் எண்ணம் அக்கால அரசருக்கும் இருந்தது.

அதே பராக்கிரமபாகுவின் தமிழ்க் கல்வெட்டு ஒன்று நயினாதீவிலே இருக்கின்றது. யாழ்ப்பாணத்துப் பழைய சாசனங்களுள் இத்துணைப் பயன் தருவது வேறொன்று சொல்லுதல் அரிது. பரதேசிகள் வந்திறங்கும் இடம் ஊராத்துறையாக, அதாவது இன்றைய ஊர்காவற்றுறையாக, இருக்கவேண்டும் என்றும், அவர்களுக்குப் பாதுகாப்பு உண்டு என்றும் அது கூறுகின்றது. பின்னர் வருவதுதான் கவனிக்கத்தக்கது. யானை, குதிரை கொண்டுவரும் மரக்கலம் உடைந்து கரையொதுங்கினால், நான்கில் ஒரு பங்கைப் பண்டாரம் எடுத்துக்கொண்டு, மூன்று பங்கை உடையவனுக்கு விட்டுவிடவேண்டும். மற்றைய வணிகப் பொருள் கொண்டுவந்த கலம் உடைந்தாலோ, பாதி பண்டாரத்துக்கு, பாதி உடையவனுக்கு.

இந்த வேறுபாட்டின் கருத்து வெளிப்படை. பட்டும் மிளகும் கொண்டுவருபவன் நட்டமடைந்தால் அரசனுக்குப் பெருங் கவலை இல்லை. படைக்கு வேண்டிய குதிரையும் யானையும் கொண்டுவருபவன் மனமுடைந்து அடுத்த ஆண்டு வராமல் நின்றுவிடக்கூடாது. படைக்கல வணிகனுக்குச் சலுகை காட்டும் சட்டத்தை ஒரு தீவிலே, தமிழிலே, கல்லில் வெட்டி நாட்டியிருக்கின்றார்கள்.

அடுத்த நூற்றாண்டிலே யாழ்ப்பாணத்தில் ஆரியச் சக்கரவர்த்திகளின் அரசு நிலைபெற்றபொழுது, இந்தத் துறையும் இந்த வணிகமும் அவர்கள் கைக்கு வந்தன. வன்னிக் காடுகளில் பிடிபட்ட யானைகள், ஆழமற்ற நீரைக் கடந்து குடாநாட்டுக்குள் கொண்டுவரப்பட்டன. அவை கடந்துவந்த இடத்தின் பெயர் ஆனையிறவு. பின்னர் ஊர்காவற்றுறையிலே கப்பலேற்றப்பட்டு அக்கரைக்குச் சென்றன. விலை பேசும் முறை சுவையானது. யானையின் முன்கால் முதல் தோள்வரை உயரத்தை முழக்கணக்கில் அளப்பார்கள். முழம் ஏற ஏற விலை ஏறும். தந்தமுள்ள களிறாயின் விலை இன்னும் கூடும். ஈழத்துக் களிறுகளில் மிகச் சிலவற்றுக்கே தந்தம் இருந்தமையால் அது அரிய பொருள். ஈழத்து யானையைக் கண்டால் பிற நாட்டு யானைகள் தலைவணங்கும் என்றும், அதனால் அதற்கு மற்றவற்றிலும் பல மடங்கு விலை உண்டு என்றும் ரிபெய்ரோ என்னும் போர்த்துக்கேயப் படைத்தலைவர் 17ஆம் நூற்றாண்டில் எழுதினார். விற்பவன் சொன்னதை அப்படியே எழுதிக்கொண்டார் போலும்! எனினும், அக்கதையை நம்பி விலை கொடுத்தவர்களும் இருந்தனர் என்பது உண்மை.

ஆகவே யாழ்ப்பாணத்து மன்னன் படைக்கலம் வாங்கும் ஏழையரசன் அல்லன், விற்கும் அரசன். ஆனால் அவன் விற்றது பழைய படைக்கலம். 16ஆம் நூற்றாண்டிலே கடலில் புதிய படைக்கலம் வந்துவிட்டது. அதனைக் கொண்டுவந்தவர்களே அவனுடைய யானைகளுக்கும் முத்துக் கடலுக்கும் ஆசைப்பட்டனர். 1543ஆம் ஆண்டிலே போர்த்துக்கேயர் முதன்முதலாக அச்சுறுத்தித் திறை கேட்டபொழுது, பணத்துடன் யானையும் அத்திறையிற் சேர்ந்தது. விலைக்குப் போன பொருள் அன்று முதல் கப்பமாகப் போகத் தொடங்கியது.

சங்கிலி துணை தேடாதவனல்லன். தென்னிலங்கையிலே கோட்டை அரசன் தர்மபாலனின் தந்தையாகிய வீதிய பண்டாரன் போர்த்துக்கேயருடன் பகைத்துப் போரிட்டுத் தோற்று, பெருஞ் செல்வத்துடன் யாழ்ப்பாணத்தில் அடைக்கலம் புகுந்தான். 1550ஆம் ஆண்டுகளின் நடுப்பகுதியிலே நடந்தது இது. இருவருக்கும் பகைவன் ஒருவனே. சேர்ந்து போரிடுவதென்று பேச்சு நடந்தது. கோயிலிலே ஆணையிட்டு உறுதி செய்வதற்கும் ஏற்பாடாயிற்று. அங்கேதான் எதிர்பாராத செயல் நிகழ்ந்தது என்று போர்த்துக்கேய வரலாறுகள் கூறுகின்றன. வைத்திருந்த வெடிமருந்தில் தற்செயலாகத் தீப்பற்றி வெடித்தது. தன்னைக் கொல்லச் சூழ்ச்சி நடக்கின்றது என்று வீதிய பண்டாரன் எண்ணி வாளை உருவினான், கைகலப்பு மூண்டது, அவன் கொல்லப்பட்டான். அவன் கொண்டுவந்த செல்வம் சங்கிலியின் கைக்கு வந்தது.

இச்செய்தியை எழுதியவர்கள் சங்கிலியின் பகைவர் என்பதை மறத்தலாகாது. ஆயினும் கதையின் அடிப்படையிலே ஓர் உண்மை தெரிகின்றது. இரு தலைவர்கள் படைத்துணைக்காகச் சந்திக்கும்பொழுது, அருகிலே மருந்துப் பீப்பாயும் இருந்தது. ஒருவர்மேல் ஒருவருக்கு நம்பிக்கை மட்டும் இல்லை. ஒரு பொறி போதுமானதாயிற்று. அன்று தென்னிலங்கைப் படையும் யாழ்ப்பாணப் படையும் ஒன்றுசேர்ந்திருந்தால் 1560இல் பிறகன்சா வந்திறங்கியிருப்பானோ என்னவோ. மாறாக, வீதிய பண்டாரனின் செல்வமே அவன் வருகைக்குரிய காரணங்களுள் ஒன்றாகச் சேர்ந்தது. மன்னாரிலே மதம் மாறியவர்களைச் சங்கிலி 1544இல் கொல்வித்தமை முதற் காரணம். அந்தச் செல்வத்தைத் திருப்பிக் கொடுத்தல் வேண்டும் என்பது கோப்பாய்க்குப் பின் நடந்த உடன்படிக்கைப் பேச்சில் எழுந்த கோரிக்கை. மன்னனின் மகனையும் பிணையாகக் கேட்டுப் பெற்றனர். எனினும் மக்கள் கிளர்ந்தெழுந்தமையால், போர்த்துக்கேயர் அவ்வாண்டு குடாநாட்டில் நிலைத்திருக்க முடியாமல் மன்னாருக்குப் பின்வாங்கி அங்கே கோட்டை கட்டினர். கோப்பாயில் துணையின்றி நின்ற மன்னனுக்கு இறுதியில் துணையாயினோர் ஊர்க் குடிமக்களே.

ஆனால் கடலைக் காக்கும் துணை வேண்டியே இருந்தது. 1591ஆம் ஆண்டில் அத்துணை கோழிக்கோட்டிலிருந்து புறப்பட்டு வந்தது. போர்த்துக்கேயத் தளபதி பூர்த்தாதோ த மென்டோன்சா அக்கப்பல்களைக் கற்பிட்டிப் பக்கத்துக் கடலிலேயே மடக்கி அழித்துவிட்டு, அதன்பின் யாழ்ப்பாணத்தைத் தாக்கினான். மன்னன் கொல்லப்பட்டான். எதிர்மன்னசிங்கனை அரியணையில் ஏற்றினார்கள். அப்போதைய ஏற்பாட்டிலே போர்த்துக்கேயர் வற்புறுத்திப் பெற்றவற்றுள் ஒன்று, யானை ஏற்றுமதியில் தனியுரிமை. சந்தையிலே வாங்குவோர் ஒருவரே என்றானபின் விலை கூறுவதற்கு விற்பவனுக்கு வாய் ஏது? எதிர்மன்னசிங்கன் அதனை மனமுவந்து ஏற்கவில்லை. கண்டி அரசர்கள் தென்னிந்தியாவிலிருந்து உதவி பெறுவதற்கு வழிவிட்டு, மறைவாகப் பகைமை காட்டிக்கொண்டே காலம் கழித்தான்.

அவனுக்குப் பின் வந்த இரண்டாம் சங்கிலி தஞ்சை நாயக்கரின் படையை வரவழைத்தான். மலையாளக் கடற்போராளிகளுக்கு நெடுந்தீவிலே தங்க இடங்கொடுத்தான். 1619இல் பிலிப்பு த ஒலிவேறா படையெடுத்து வந்தபொழுது தஞ்சைப் படை போதவில்லை. சங்கிலி பிடிபட்டுக் கோவாவுக்குக் கொண்டுசெல்லப்பட்டு அங்கே கொல்லப்பட்டான். அடுத்த ஆண்டும் தஞ்சையிலிருந்து வீரர்கள் வந்து போரிட்டனர். காக்க வேண்டிய மன்னனோ அப்போது யாழ்ப்பாணத்தில் இல்லை.

1658இல் ஒல்லாந்தர் யாழ்ப்பாணத்தைப் பிடித்தபின்னரே யானை விற்பனை முழு ஒழுங்குடைய சந்தையாகியது. வன்னியர்கள் ஆண்டுதோறும் திறையாகச் செலுத்த வேண்டிய யானைகள் கணக்குப் புத்தகத்தில் ஏறின. கொல்கொண்டா முதலிய நாடுகளிலிருந்து முஸ்லிம் வணிகரும் செட்டிகளும் வந்து யாழ்ப்பாணத்திலே யானைகளைச் சுற்றிப் பார்த்து, அளந்து, பேரம் பேசினர். 1697இல் யாழ்ப்பாணத் தலைமை அதிகாரியாயிருந்த சுவார்டகுரூன் எழுதிவைத்த நினைவுக் குறிப்பிலே யானை வேட்டையும், வன்னியர் வைத்திருந்த நிலுவையும், கொல்கொண்டா வணிகரை மனங்கோணாமல் நடத்தவேண்டிய முறையும் பல பக்கங்களை நிரப்புகின்றன. வணிகன் மனமுடைந்து போய்விடக்கூடாது என்னும் அக்கவலை, ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன்னே நயினாதீவுக் கல்லில் வெட்டப்பட்ட அதே கவலை. ஆட்சியாளர் மட்டுமே வேறு.

அதற்குள் யானை போர்க்களத்தை விட்டு நீங்கிக்கொண்டிருந்தது. பீரங்கிச் சத்தத்துக்கு மிரண்டு தன் படையையே மிதிக்கும் விலங்கை முன்வரிசையில் நிறுத்த எந்தத் தளபதியும் துணியவில்லை. யாழ்ப்பாணத்தில் முழக்கணக்கில் விலைபோன யானைகள் இப்போது பீரங்கி இழுக்கவும், பாரஞ் சுமக்கவும், அரசர் பவனி வரவுமே சென்றன. 18ஆம் நூற்றாண்டு கழியக் கழிய வாங்க வந்த கப்பல்கள் குறைந்தன. 1795இல் ஆங்கிலேயர் யாழ்ப்பாணத்தைப் பொறுப்பேற்றபொழுது, படைக்கலம் என்ற பெயரில் யானை கேட்டு ஊர்காவற்றுறைக்கு வருவார் எவரும் இல்லை.