பயணப் பைக்குள் அடங்கும் தூண்டில் தடி

செய்தி சேகரிக்க ஆலங்குடாவுக்குப் போகும்போது தூண்டில் தடியும் கொண்டுபோவேன். பாலாவியில் கற்பிட்டி பேருந்துக்கு மாறுபவருக்கு நீளத் தடி பெரும் சுமை.

பையில் அடங்குபவை இரண்டு வகை. இழுத்து நீட்டும் தடி மிகச் சிறிதாகச் சுருங்கும். ஆனால் மணலும் உப்பும் புகுந்தால் மூட்டுகள் இறுகிவிடும். நான்கு துண்டாகப் பொருத்தும் 7 அடித் தடி ஏறத்தாழ 2 அடிக்குள் அடங்கும், கழுவுவதும் எளிது. என் தெரிவு இதுதான். காபன் தடி பாரம் குறைவு, ஆனால் அடிபட்டால் முறியும், மின்சாரமும் கடத்தும். பேருந்துப் பயணத்துக்கு ஃபைபர் கிளாஸ் தாக்குப்பிடிக்கும்.

மேற்கே திறந்த கடல். அலை தாண்டி வீச 9, 10 அடித் தடி வேண்டும். கிழக்கே புத்தளம் களப்பு; அங்கே 7 அடி போதும். மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குக் காற்று கடல் பக்கம் தங்கூசியை அள்ளிச் செல்லும்.

களப்பைத் தேர்ந்தெடுக்க இன்னொரு காரணமும் உண்டு. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்கள் பலர் வந்து தங்கிய ஊர் இது. வள்ளத்தையும் வலையையும் யாரும் பையில் கொண்டுவர முடியாது. கடலை நம்பி வாழ்வோரின் கரையில் நமது தடி வெறும் பொழுதுபோக்கு. கரைவலை இழுக்குமிடத்தில் வீசாதீர்கள். அறுந்த தங்கூசியையும் கொக்கியையும் விட்டுவராதீர்கள். வலை கிழிந்தால் இழப்பு அவர்களுக்கே.

திரும்பியதும் தடியை நன்னீரில் கழுவி, உலர்த்தியபின் உறையிலிடுங்கள்.