செப்டம்பர் 15: ஒரே தேதியில் இத்தனை அரசுத் திட்டங்கள் ஏன்? காஞ்சியில் தொடங்கும் கதை

காஞ்சிபுரம் பக்கத்துல இருக்கும் திருமுக்கூடலில் பாலாறு, செய்யாறு, வேகவதி மூன்றும் ஒன்று சேர்கின்றன. காலண்டரிலும் அப்படி ஒரு கூடல் உண்டு: செப்டம்பர் 15. ஒரு ரூபாய் அரிசி, கலர் டிவி, லேப்டாப், காலை உணவு, மகளிர் உரிமைத் தொகை எல்லாமே தொடங்கியது இந்தத் தேதியில்தான். தற்செயலா? இல்லை. காரணம் ஒரு பிறந்தநாள்.

யாருடைய பிறந்தநாள்?

1909 செப்டம்பர் 15-ல் காஞ்சிபுரத்தில், நெசவுக் குடும்பத்தில் பிறந்தவர் அண்ணா. சொந்த ஊர் நகராட்சி அலுவலகத்தில் கொஞ்ச காலம் குமாஸ்தாவாகவும் இருந்தவர். 1967-ல் முதலமைச்சரானார். இரண்டே வருடத்தில், 1969 பிப்ரவரி 3-ல் மறைந்தார்.

திமுகவைத் தொடங்கியவர் அவர். அதிமுகவின் பெயரிலேயே இருப்பவரும் அவர். அதனால் கோட்டையில் எந்தக் கட்சி உட்கார்ந்தாலும், புதுத் திட்டத்துக்கு நாள் குறிக்கும்போது செப்டம்பர் 15 முன்னால வந்து நிற்கும்.

என்னென்ன நடந்தது?

1985: எம்.ஜி.ஆர். ஆட்சியில் மதுரையிலிருந்து பிரிந்து திண்டுக்கல் மாவட்டம் உருவானது.
2006: கருணாநிதி ஆட்சியில் இலவச கலர் டிவி.
2008: 2 ரூபாயாக இருந்த ரேஷன் அரிசி கிலோ 1 ரூபாய்.
2010: சென்னை கோட்டூர்புரத்தில் அண்ணா நூற்றாண்டு நூலகம் திறப்பு.
2011: ஜெயலலிதா ஆட்சியில் லேப்டாப், மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறி, ஆடு, மாடு.
2022: மதுரையில் காலை உணவுத் திட்டம். முதல் கட்டமாக 1,545 அரசுப் பள்ளிகள்.
2023: காஞ்சிபுரத்தில் மகளிர் உரிமைத் தொகை. சுமார் 1.06 கோடி பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய்.

இதில் 2008 அரிசிக்கு ஒரு முன்கதை இருக்கு. 1967 தேர்தலில் ரூபாய்க்கு மூன்று படி அரிசி என்பது அண்ணா வைத்த இலக்கு. ஆட்சிக்கு வந்ததும் சென்னையிலும் கோவையிலும் ரூபாய்க்கு ஒரு படி போட முடிந்தது. 41 வருடம் கழித்து ஒரு ரூபாய் அரிசிக்கு அவர் பிறந்தநாளைத் தேர்ந்தெடுத்தது சும்மா இல்லை.

அப்போ தற்செயலே இல்லையா?

அதுவும் இருக்கு. ரேஷன் கடையில் ஒரு ரூபாய் அரிசி போட ஆரம்பித்த அதே 2008 செப்டம்பர் 15-ல்தான், அமெரிக்காவின் லேமன் பிரதர்ஸ் வங்கி திவால் மனு போட்டது. கடன் 600 பில்லியன் டாலருக்கும் மேல். உலகப் பொருளாதாரமே ஆட்டம் கண்டது. இரண்டுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை, தேதியைத் தவிர.

இன்னொன்று: 1959 செப்டம்பர் 15-ல்தான் டெல்லியில் தூர்தர்ஷன் சோதனை ஒளிபரப்பைத் தொடங்கியது. இந்தியாவில் டிவி வந்த அதே தேதியில், 47 வருடம் கழித்து தமிழ்நாட்டில் இலவச டிவி!

இலங்கைத் தமிழர்களுக்கு இதே தேதி வேறு நினைவு. 1987 செப்டம்பர் 15-ல் நல்லூரில் திலீபன் உண்ணாவிரதத்தைத் தொடங்கினார். 26-ம் தேதி உயிர் பிரிந்தது.

தேதி நிலைக்கிறது, திட்டம்?

இதுதான் நாம கவனிக்க வேண்டிய இடம். 2011-ல் ஆட்சி மாறியதும் கலர் டிவி திட்டம் நின்றுபோனது. நூலகத்தைக் குழந்தைகள் மருத்துவமனையாக மாற்றப்போவதாக அறிவிப்பு வந்தது. உயர் நீதிமன்றம் தடுத்ததால் நூலகம் தப்பியது. ஆனால் அரிசி நிற்கவில்லை. அடுத்த ஆட்சி அதை இலவசமாகவே ஆக்கியது. அண்ணாவின் பெயரைச் சொல்லித் தொடங்கியது எல்லாம் அண்ணாவின் பெயராலேயே பிழைத்துவிடவில்லை. வீட்டு அடுப்பு வரைக்கும் போன திட்டத்தில் கைவைக்கத்தான் எந்த ஆட்சியும் யோசிக்கிறது.

திருமுக்கூடல் கல்வெட்டு சொல்வது என்ன?

திருமுக்கூடல் வெங்கடேசப் பெருமாள் கோயிலில் 11-ம் நூற்றாண்டுக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. வீரராசேந்திர சோழன் காலத்தில் அங்கே 15 படுக்கைகளோடு ஒரு மருத்துவமனை நடந்ததையும், மாணவர்களுக்குப் படிப்போடு சாப்பாடும் தங்குமிடமும் கிடைத்ததையும் அது சொல்கிறது. அதில் காலத்தைக் குறிப்பது அரசனின் ஆட்சியாண்டு. அன்றைக்கு ஆட்சியாண்டு, இன்றைக்குத் தலைவரின் பிறந்தநாள்.

ஆனால் அந்தக் கல்வெட்டு தொடங்கிய காலத்தை மட்டும் சொல்லி நிறுத்தவில்லை. வைத்தியருக்கு எவ்வளவு, மருந்து என்னென்ன, யாருக்கு எவ்வளவு நெல் என்று செலவுக்கணக்கையும் வெட்டி வைத்திருக்கிறது.

அடுத்த முறை 'இதே நாளில்' என்று ஒரு செய்தி உங்க மொபைலுக்கு வந்தால் இரண்டு கேள்வி கேட்டுப் பாருங்க. இந்தத் தேதி தானா அமைந்ததா, யாராவது தேர்ந்தெடுத்ததா? தேர்ந்தெடுத்தது என்றால், அன்றைக்குத் தொடங்கியது இன்றைக்கும் நம்ம ஊரில் நடக்குதா?