முக்குளிப்புக் கடிகாரச் சேகரிப்பு

முக்குளிப்புக் கடிகாரச் சேகரிப்பு என்பது, கடலில் மூழ்குவோருக்கென முன்னாளில் செய்யப்பட்ட விலையுயர்ந்த கைக்கடிகாரங்களைத் தேடிச் சேர்க்கும் பொழுதுபோக்கு ஆகும். பிளான்பெய்ன் நிறுவனத்தின் 'ஃபிஃப்டி ஃபாதம்ஸ்' 1953 இல் வெளிவந்தது. ரோலெக்சின் 'சப்மரைனர்' ஏறத்தாழ அதே காலத்தது. கண்ணாடியைச் சுற்றியுள்ள சுழல் வளையம் நீருக்கடியில் கழிந்த நிமிடங்களைக் காட்டும். மூழ்குபவர் எஞ்சிய மூச்சுக்காற்றை அதைக் கொண்டே கணித்தார். உயிர்காத்த கருவி என்பதே இவற்றின் முதன்மையான ஈர்ப்பு.

இந்தியர் நன்கறிந்த சுவிட்சர்லாந்து நிறுவனம் ஃபேவர்-லூபா. அது 1960களில் வெளியிட்ட 'பாத்தி' நேரத்துடன் ஆழத்தையும் காட்டியது: நீரழுத்தத்தால் அமுங்கும் உலோகச் சவ்வு தனியொரு முள்ளை நகர்த்தும். தமிழ்நாடு அரசின் டிட்கோவும் டாட்டா குழுமமும் இணைந்து தொடங்கிய, ஓசூரில் ஆலையுள்ள டைட்டன் நிறுவனம் 2011 இல் இவ்வணிகப்பெயரை வாங்கியது. பின்னர் அது கைமாறியது.

இந்நிறுவனத்தின் பழைய கடிகாரங்கள் பல, முகப்புக்குப் புதிதாக வண்ணம் பூசப்பட்டு இந்தியாவில் விற்கப்படுகின்றன. சேகரிப்பாளர் இவற்றை 'மும்பை ஸ்பெஷல்' என எள்ளுவர். வெயிலில் பழுப்பேறிய அசல் முகப்புக்கே மதிப்பு மிகுதி. ஒளிர்பூச்சிலுள்ள டிரிட்டியத்தின் அரைவாழ்வு சுமார் 12.3 ஆண்டுகள், எனவே 1960களின் கடிகாரம் இருளில் பளிச்சென ஒளிர்ந்தால் ஐயுற வேண்டும். ரப்பர் வளையங்கள் காலப்போக்கில் இறுகிவிடுவதால், சோதிக்காமல் இவற்றை நீரில் நனைத்தல் ஆகாது.